போர்டு பெரிதானால் சன்னதுக்கு ஆபத்து! விளம்பரம் இல்லாமல் வக்கீல் தொழில் நடப்பது எப்படி?

ஒரே நாளில் கை நழுவும் செக் கேஸ் * செல்போனில் வாய்தா தேதி * கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

சென்னை,-

துணிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி என்று தெருவை அடைத்து போர்டு வைக்கலாம். ஓட்டல்காரர் பிரியாணிக்கு நோட்டீசு அடித்து பஸ் நிலையத்தில் கொடுக்கலாம். நகைக்கடைக்காரர் சினிமா நட்சத்திரத்தை அழைத்து வந்து ரிப்பன் வெட்டலாம்.

ஆனால் வக்கீல் மட்டும் "என்னிடம் கேஸ் கொடுங்கள்" என்று ஒரு வரி விளம்பரம் கூட செய்யக்கூடாது. செய்தால் விசாரணை வரும். குற்றம் நிரூபணமானால் கறுப்பு கோட்டைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

அப்படியானால் பாரிமுனையிலும், சைதாப்பேட்டையிலும், எழும்பூரிலும் புதிதாக கோட்டு போட்டுக்கொண்டு வரும் இளம் வக்கீலுக்கு கேஸ் எப்படி வரும்? அவரை நம்பி வரும் கட்சிக்காரர் ஏமாறாமல் இருப்பது எப்படி?

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஒரே ஒரு நாள்!

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பாத்திரக் கடைக்காரர் என்று வைத்துக் கொள்வோம். சரக்கு எடுத்தவர் 85 ஆயிரம் ரூபாய்க்கு செக் கொடுத்தார். செக்கில் போட்ட தேதி மார்ச் 5.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, இப்ப போட்டுடாதீங்க" என்று அவர் கெஞ்சியதால், கடைக்காரர் மே 30-ந் தேதிதான் செக்கை பாங்கியில் போட்டார். ஜூன் 2-ந் தேதி "கணக்கில் பணம் இல்லை" என்று சீட்டோடு செக் திரும்பி வந்துவிட்டது.

அன்றே வக்கீலிடம் ஓடினார். காகிதங்களைக் கொடுத்தார். பீசும் கொடுத்தார். "நான் பாத்துக்கறேன், போங்க" என்றார் வக்கீல். ஜூனியர் தேதியை ஒரு பழைய கவரின் முதுகில் குறித்து வைத்தார். கவர் கட்டுகளுக்கு நடுவே போய்விட்டது. நோட்டீசு தபாலில் போனது ஜூலை 3-ந் தேதி.

கேஸ் அங்கேயே முடிந்தது.

செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீசு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கெடு ஜூலை 2. ஒரே ஒரு நாள் தாண்டிவிட்டது. மறுபடி பாங்கியில் போடலாம் என்றால், செக்கின் ஆயுள் 3 மாதம்தான். அதுவும் ஜூன் முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது.

"ஒரு நாள்தானே சார்! ஜட்ஜுகிட்ட சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"அந்த ஒரு நாளுதான் அண்ணே கேஸே" என்பார் குமாஸ்தா.

நோட்டீசு கொடுத்த பின், செக் கொடுத்தவருக்கு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அதிலும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். புகார் போடத் தாமதமானால், தகுந்த காரணம் சொன்னால் மாஜிஸ்திரேட்டு மன்னிக்கலாம். அதற்கு சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 30 நாள் நோட்டீசு தாமதத்தை மன்னிக்க சட்டத்தில் வழி இல்லை.

செக் கேசில் 2 வருடம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் என்ற பயம் எதிராளிக்கு இருக்கும். அந்தப் பிடி நழுவிவிட்டது. இனி 3 வருடத்துக்குள் சிவில் கேஸ் போட்டு, கோர்ட்டு கட்டணம் கட்டி, வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் வக்கீலைப் பற்றி மார்க்கெட் முழுக்க என்ன சொல்வார்? அதைவிட மோசமான விளம்பரம் உலகத்தில் கிடையாது.

விதி 36 சொல்வது என்ன?

வக்கீல்களுக்கு 1961-ம் வருட வக்கீல்கள் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகள் போட்டிருக்கிறது. அதில் 36-வது விதிதான் விளம்பரத்துக்குப் பூட்டு.

நோட்டீசு அடிக்கக்கூடாது. பேப்பரில் விளம்பரம் போடக்கூடாது. புரோக்கர் வைக்கக்கூடாது. முன்பின் தெரியாதவரைத் தேடிப்போய் கேஸ் கேட்கக்கூடாது. தான் நடத்தும் கேசைப் பற்றி பத்திரிகையில் தன் போட்டோவோடு செய்தி வரச் செய்யக்கூடாது.

வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை கூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். முன்னாள் ஜட்ஜு, முன்னாள் அட்வகேட் ஜெனரல், சங்கத் தலைவர், இன்ன கேசில் நிபுணர் என்றெல்லாம் அதில் எழுதக்கூடாது.

விதியை மீறினால் மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு கமிட்டி விசாரிக்கும். குற்றத்துக்குத் தக்கபடி கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், வக்கீல் பட்டியலில் இருந்து பெயரையே அடித்துவிடலாம். சன்னது போவது என்று கோர்ட்டு வட்டாரத்தில் சொல்வது இதைத்தான்.

பம்பாயில் நடந்த தள்ளுமுள்ளு

இந்தக் கண்டிப்பு ஏன்? பழைய கதை ஒன்று உண்டு.

பம்பாயில் எஸ்பிளனேடு போலீஸ் கோர்ட்டு வாசலில் சில வக்கீல்கள் காத்து நிற்பார்களாம். கட்சிக்காரர் போல யாராவது வந்தால் பாய்ந்து போவார்கள். கையில் இருக்கும் காகிதத்தைப் பிடுங்குவார்கள். "எனக்கு, உனக்கு" என்று அடிதடி வரை போகும். ஒருவர் கேட்ட பீசைவிட குறைத்துக் கேட்பார் இன்னொருவர். ரெயில் நிலைய வாசலில் சவாரி பிடிப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1975-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பில், வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, கேஸ் கட்டு கடைச்சரக்கும் அல்ல என்ற கருத்து அழுத்தமாகச் சொல்லப்பட்டது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே பீனிக்ஸ் நகரில் 2 இளம் வக்கீல்கள் 1976-ல் பேப்பரில் விளம்பரம் போட்டார்கள். தகராறு இல்லாத விவாகரத்துக்கு 175 டாலர் பீஸ், கோர்ட்டு கட்டணம் 20 டாலர் தனி என்று ரேட்டோடு போட்டார்கள். வக்கீல் சங்கம் நடவடிக்கை எடுத்தது. 1977-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4 என்ற கணக்கில் வக்கீல்கள் பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 1984-ல் சொலிசிட்டர்களுக்கு விளம்பரம் போட அனுமதி வந்தது.

இந்தியாவில் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்தது.

5 விவரம் மட்டும்

2008-ல் விதி 36 கொஞ்சம் தளர்ந்தது. வக்கீல்கள் சொந்தமாக இணையதளம் வைத்துக் கொள்ளலாம். ஆனால் அதில் 5 விவரம்தான் போடலாம்:-

1. பெயர், முகவரி, டெலிபோன் நம்பர், இ-மெயில்.

2. வக்கீலாகப் பதிவு செய்த எண், தேதி, எந்த மாநில பார் கவுன்சில்.

3. எந்த வக்கீல் சங்கத்தில் உறுப்பினர்.

4. படிப்பு, தொழில் தகுதி.

5. எந்த வகைக் கேஸ்கள் பார்க்கிறார்.

அதோடு சரி. "வெற்றி நிச்சயம்", "பீஸ் பாதி", "100 கேஸ் ஜெயித்தவர்" என்றெல்லாம் போட முடியாது. இணையதள விவரத்தை பார் கவுன்சிலுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

ஐகோர்ட்டு போட்ட போடு!

செல்போன் வந்த பிறகு சிலர் புது வழி கண்டுபிடித்தார்கள். பிளம்பர், எலக்ட்ரீசியன், வீடு சுத்தம் செய்பவர் என்று ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆன்லைன் கம்பெனிகளில் வக்கீல்களின் பெயரும் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் 5 நட்சத்திரம், 4 நட்சத்திரம் என்று மார்க்கும் வந்தது.

இதை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டில் வழக்கு தொடரப்பட்டது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகியோர் 2024-ம் வருடம் ஜூலை 3-ந் தேதி அதிரடி தீர்ப்பு சொன்னார்கள்.

ஆன்லைனில் விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி எல்லா மாநில பார் கவுன்சில்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், ஏற்கனவே வந்த விளம்பரங்களை அகற்ற வேண்டும், அந்த ஆன்லைன் கம்பெனிகள் மீதும் புகார் கொடுக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டார்கள். வக்கீலுக்கு நட்சத்திர மார்க் போடுவது தொழிலின் கவுரவத்தையே குலைக்கும் என்ற கருத்தும் தீர்ப்பில் இருந்தது.

2025 மார்ச் மாதம் இந்திய பார் கவுன்சில் இன்னொரு எச்சரிக்கையும் விட்டது. சினிமா நடிகர்களையும், சமூக வலைத்தள பிரபலங்களையும் வைத்து வக்கீல் ஆபீசுக்கு விளம்பரம் தேடக்கூடாது என்பதுதான் அது.

புரோக்கருக்கு ஜெயில்

போலீஸ் நிலைய வாசலிலும், ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று "நல்ல வக்கீல் இருக்கார், வாங்க" என்று ஆள் பிடிப்பவர்களுக்கும் சட்டத்தில் பிடி இருக்கிறது.

1879-ம் வருட பழைய சட்டத்தில் இருந்த இந்த விதி, இப்போது வக்கீல்கள் சட்டத்தில் 45-ஏ பிரிவாகச் சேர்ந்துவிட்டது. 2024 செப்டம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. ஐகோர்ட்டும், மாவட்ட நீதிபதிகளும் புரோக்கர்கள் பட்டியல் போட்டு வெளியிடலாம். பட்டியலில் பெயர் இருப்பவர் மறுபடி அந்த வேலையில் இறங்கினால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

புரோக்கர் பிடித்துக் கொடுக்கும் கேசில் பீசின் ஒரு பங்கு புரோக்கருக்குப் போகிறது. அந்தப் பங்கு கட்சிக்காரரின் தலையில்தான் விடிகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்போ கேஸ் எப்படி வரும்?

"விளம்பரம் கூடாது, புரோக்கர் கூடாது. அப்போ நாங்க என்னதான் பண்றது?" என்பதுதான் ஜூனியர்களின் கேள்வி.

இதற்கு தம்புச்செட்டி தெரு பழைய வக்கீல் ஆபீசுகளில் காலம் காலமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான். இருக்கும் கட்சிக்காரரை ஒழுங்காகக் கவனி. அவரே நாலு பேரைக் கூட்டி வருவார்.

கட்சிக்காரர் வக்கீலின் ஆங்கிலத்தைப் பார்த்து மதிப்பதில்லை. சட்ட நுணுக்கம் அவருக்குப் புரிவதும் இல்லை. வாய்தா தேதியைச் சொன்னாரா, போன் எடுத்தாரா, வாங்கிய பணத்துக்குக் கணக்கு கொடுத்தாரா என்ற மூன்றையும் வைத்துத்தான் எடை போடுகிறார். இந்த மூன்றுக்கும் காசு செலவு இல்லை.

தேதிதான் உயிர்

வக்கீல் ஆபீசில் எது தொலைந்தாலும் தேதி தொலையக்கூடாது. சில முக்கிய கெடுக்களைப் பாருங்கள்:-

* சிவில் கேசில் சம்மன் கிடைத்த 30 நாளில் பதில் மனு போட வேண்டும். கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். வியாபார வழக்கு என்றால் 120 நாளுக்கு மேல் ஒரு நாள் கூட கிடையாது.

* எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டால், அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 30 நாள்.

* சிவில் அப்பீல், மாவட்ட கோர்ட்டுக்கு 30 நாள். ஐகோர்ட்டுக்கு 90 நாள்.

தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்களை அப்பீல் கெடுவில் கழித்துக் கொள்ளலாம். ஆனால் நகல் மனு போட்டால்தான் கழிவு. மனுவே போடாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் கழியாது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடச் சொல்வது இதற்காகத்தான்.

நல்ல ஆபீசில் ஒவ்வொரு கெடுவும் 2 இடத்தில் பதிவாகும். ஒன்று சீனியர் மேஜையில் இருக்கும் பெரிய டைரி. இன்னொன்று கம்ப்யூட்டர் அல்லது செல்போன் காலண்டர். கடைசி நாளை மட்டும் எழுதினால் போதாது. 10 நாள் முன்னால் ஒரு மணி, 3 நாள் முன்னால் ஒரு மணி அடிக்கும்படி வைக்க வேண்டும். சீனியர் வெளியூர் போனாலும், குமாஸ்தாவுக்கு ஜுரம் வந்தாலும் மணி அடிக்கும்.

வக்கீல் வராததற்கு 200 ரூபாய்!

வக்கீல் கோர்ட்டுக்கு வராமல் போனால் தண்டனை யாருக்கு? 1981-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு இப்படி ஒரு கேஸ் போனது.

அலகாபாத் ஐகோர்ட்டில் அப்பீல் விசாரணைக்கு வந்த அன்று வக்கீல் வரவில்லை. கட்சிக்காரருக்கு பாதகமாக அப்பீல் முடிந்துவிட்டது. கட்சிக்காரர் கிராமத்துக்காரர். வக்கீலை நம்பி ஊரில் இருந்தவர். வக்கீல் செய்த தப்புக்கு கட்சிக்காரர் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்ட சுப்ரீம் கோர்ட்டு, அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொன்னது. எதிர்க்கட்சிக்கு ஆன செலவு 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூல் செய்துகொள்ளவும் சொன்னது.

ஆனால் எல்லா கேசிலும் இப்படி நடக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. கட்சிக்காரரும் தன் கேசைக் கவனிக்க வேண்டாமா என்று கோர்ட்டுகள் பலமுறை கேட்டிருக்கின்றன.

செல்போனில் கேஸ் ஜாதகம்

முன்பெல்லாம் வாய்தா தேதி தெரிய குமாஸ்தா கோர்ட்டுக்கு ஓட வேண்டும். பெஞ்சு கிளார்க்கைக் கெஞ்ச வேண்டும். இப்போது இ-கோர்ட்டு திட்டம் வந்துவிட்டது. 2007-ல் முதல் கட்டம் தொடங்கியது. மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை 7 ஆயிரத்து 210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது.

ஒவ்வொரு கேசுக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க எண் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். ஆதார் எண் மனிதருக்கு எப்படியோ, கேசுக்கு இது அப்படி. இ-கோர்ட்டு இணையதளத்திலோ, செல்போன் ஆப்பிலோ இந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது, எந்த கோர்ட்டு என்ற ஜாதகம் முழுதும் வந்துவிடும். காசு கிடையாது.

வக்கீல்கள் தங்கள் கேஸ்கள் எல்லாவற்றையும் ஆப்பில் சேர்த்து வைத்துக் கொள்ளலாம். கட்சிக்காரருக்கு வக்காலத்து கையெழுத்து வாங்கும்போதே "கேஸ் நம்பர் ஆனதும் இந்த எண்ணைத் தருகிறேன்" என்று சொல்லும் வக்கீல், பாதி நம்பிக்கையை அங்கேயே வாங்கிவிடுகிறார்.

"எண்ணைக் கொடுத்தா கட்சிக்காரர் தினமும் நோண்டுவாரே" என்று சிலர் தயங்குகிறார்கள். நோண்டட்டும். "கேஸ் என்னாச்சு சார்?" என்று தினமும் வரும் போன் குறையும்.

கொரோனா கற்றுக் கொடுத்தது

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது கோர்ட்டு கதவுகள் மூடின. ஏப்ரல் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வீடியோ விசாரணைக்கு வழிகாட்டும் உத்தரவு போட்டது. வீட்டு வரவேற்பறையில் கோட்டு மாட்டிக்கொண்டு வாதாடக் கற்றுக்கொண்டார்கள் வக்கீல்கள்.

அதன் பிறகு இ-பைலிங் என்ற ஆன்லைன் தாக்கல் முறையும் பரவியது. தமிழ்நாட்டில் இதைக் கட்டாயமாக்கக்கூடாது என்று வக்கீல் சங்கங்கள் போராட்டமும் நடத்தின. சின்ன ஊர்களில் இன்டர்நெட் இல்லை, ஸ்கேனர் இல்லை, சர்வர் படுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் குறை.

அந்தக் குறை நியாயமானதே. அதனால்தான் கெடு நாளன்று மாலை வரை காத்திருந்து ஆன்லைனில் போடுவது ஆபத்து. 2 நாள் முன்னால் போட்டுவிட்டு, கிடைத்த ரசீதை கேஸ் கட்டில் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

வாட்ஸ்-அப் வில்லங்கம்

கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்லும் ரகசியத்துக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. முன்பு சாட்சிய சட்டம் 126-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சிய சட்டத்தில் 132-வது பிரிவாக இருக்கிறது. வக்கீலின் குமாஸ்தாவுக்கும், ஊழியருக்கும் கூட இது பொருந்தும்.

ஆனால் கட்சிக்காரரின் பத்திரத்தை ஜூனியர் போட்டோ பிடித்து 30 பேர் இருக்கும் வாட்ஸ்-அப் குரூப்பில் "இதுக்கு என்ன பண்ணலாம் அண்ணா?" என்று போட்டுவிட்டால்? ரகசியம் தெருவுக்கு வந்துவிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு, கேஸ் காகிதங்களுக்கு இன்னொரு இடத்தில் நகல் என்ற இரண்டும் கட்டாயம். ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் 10 வருட கட்டுகளும் போய்விடக்கூடாது.

இன்னொரு விஷயம். செல்போன் மெசேஜ், ஆடியோ, சி.சி.டி.வி. படம் இவற்றை நகல் எடுத்து கோர்ட்டில் சாட்சியமாகக் கொடுக்க 63-வது பிரிவில் சான்றிதழ் வேண்டும். ஆகவே கட்சிக்காரர் முதல் நாள் வரும்போதே "போனை மாத்தாதீங்க, மெசேஜ் எதையும் அழிக்காதீங்க" என்று சொல்லி வைப்பது வக்கீலின் கடமை. கேஸ் விசாரணைக்கு வந்த பிறகு சொன்னால் போன் பர்மா பஜாரில் விற்றுப் போயிருக்கும்.

இல்லாத தீர்ப்பு!

கம்ப்யூட்டரே மனு எழுதித் தரும் காலம் இது. ஆனால் அதில் ஒரு பெரிய குழி இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு பயணி, விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று அவியாங்கா விமானக் கம்பெனி மீது கேஸ் போட்டார். அவருடைய வக்கீல் சாட்-ஜி.பி.டி. என்ற செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு மனு தயாரித்தார். பழைய தீர்ப்புகள் பலவற்றை மேற்கோள் காட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை. நீதிபதியும் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் குட்டு உடைந்தது. அந்தத் தீர்ப்புகள் எதுவும் உலகத்திலேயே இல்லை! கம்ப்யூட்டர் தானாகவே கதை கட்டியிருந்தது.

2023 ஜூன் 22-ந் தேதி நியூயார்க் நீதிபதி 5 ஆயிரம் டாலர் அபராதம் போட்டார்.

கம்ப்யூட்டரிடம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது சொல்லும் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டு, ஐகோர்ட்டு இணையதளத்தில் திறந்து, தன் கண்ணால் முழுதும் படிக்காமல் மனுவில் கை வைக்கக்கூடாது. கையெழுத்து கம்ப்யூட்டருடையது அல்ல, வக்கீலுடையது.

பீஸ் கணக்கு

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் சண்டை வருவது பெரும்பாலும் பணத்தில்தான். "மொத்தமா இவ்வளவுன்னு சொன்னீங்களே!" "அது பீஸ்தாங்க, செலவு தனி!" இந்த வாக்குவாதம் கேட்காத கோர்ட்டு வளாகம் இல்லை.

பார் கவுன்சில் விதி இதில் தெளிவாக இருக்கிறது. கட்சிக்காரரிடம் வாங்கிய பணத்துக்கு தேதி வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும். பீஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். கேஸ் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசவே கூடாது.

முதல் நாளே ஒரு வெள்ளைத் தாளில் பீஸ், கோர்ட்டு கட்டணம், டைப், நகல் செலவு என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டால் பிறகு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பீஸ் பாக்கி என்பதற்காக கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக் கொள்ளவும் முடியாது. ஒரு பாங்கியின் வக்கீல் அப்படிச் செய்தபோது விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கட்சிக்காரரின் காகிதத்தின் மீது வக்கீலுக்கு அடமான உரிமை கிடையாது, பாக்கிக்கு வேறு வழியில் வசூல் பண்ணிக்கொள் என்று 2000-ல் தீர்ப்பு வந்தது.

கட்சிக்காரர் எங்கே போவார்?

வக்கீல் சேவையில் குறை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. 2024 மே 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியை அடைத்துவிட்டது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று தீர்ப்பு.

ஆனால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சில் ஐகோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. மாநில ஒழுங்கு கமிட்டி ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமே இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. 15100 என்ற நம்பருக்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். இளம் வக்கீல்கள் சட்ட உதவிப் பட்டியலில் சேர்ந்து கேஸ் நடத்தினால் அனுபவமும் கிடைக்கும், பெயரும் கிடைக்கும். விதி 36 இதைத் தடுக்கவில்லை.

இதைக் கேளுங்கள்!

புதிதாக வக்கீலிடம் போகும் கடைக்காரரும், குமாஸ்தாவும் கேட்க வேண்டியது 5 கேள்விதான்:-

1. என் கேசுக்கு கடைசி கெடு எந்தத் தேதி?

2. சி.என்.ஆர். எண் எப்போது கிடைக்கும்?

3. பீஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு? எழுதித் தருவீர்களா?

4. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யாரிடம் பேசுவது?

5. நான் கொடுத்த ஒரிஜினல் காகிதங்களுக்கு ரசீது உண்டா?

இந்த 5 கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் வக்கீலுக்கு வாசலில் சின்ன போர்டு போதும். கடைக்காரர் தன் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வார். அவர் தன் மைத்துனரிடம் சொல்வார். அதற்கு எந்த பார் கவுன்சிலும் தடை போடவில்லை.

கையில் திரும்பி வந்த செக் வைத்திருப்பவர்கள் பாங்கிச் சீட்டில் இருக்கும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.